பத்தடி தள்ளி நின்றால் தெரியும் முகம்

என் மர அலமாரியின் மேல்தட்டில், பழைய நாட்குறிப்புகளுக்குப் பின்னால், சென்ற டிசம்பர் வரை ஒரு காகிதம் சுருண்டு கிடந்தது. அகலமான காகிதம். இரு ஓரங்களிலும் சீரான துளைகள், நடுவில் ரப்பர் வளையம் உருகி ஒட்டிப்போன பழுப்புக் கோடு. கையில் பிடித்துப் பார்த்தால் வெறும் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும்தான். ஒன்றின் மேல் ஒன்றாக அடித்ததில் சில இடங்களில் மை கனத்துக் காகிதமே நைந்திருக்கும். சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்றால் அந்த எழுத்துகள் கூடி ஒரு முகமாகும்: நெற்றி, மூக்கின் நிழல், இறுக மூடிய வாய். கீழ் ஓரத்தில் பென்சிலால் 17-2-1983, வியாழன் என்று எழுதியிருக்கிறேன். எனக்குத் தேதிகள் மறப்பதில்லை என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் நான் எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். எழுதி வைத்ததை யாரிடமும் காட்டாமல் இருப்பதும் ஒரு பழக்கம்தான் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

தெற்கு தில்லியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் நான் முதுகலை இரண்டாம் பருவம் படித்த ஆண்டு அது. ஆசிய விளையாட்டு முடிந்து ஊரெங்கும் புது மேம்பாலங்கள் முளைத்திருந்தன. கரோல் பாகிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். டிஜிட்டல் இமேஜ் புராசஸிங் என்ற அறிமுகப் பாடம் எங்கள் துறையில் அந்தப் பருவத்தில்தான் முதன்முதலாக நடந்தது. முதல் வகுப்பு ஜனவரி 10, திங்கட்கிழமை. இரண்டாம் மாடியில் ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறை, ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் மஃப்ளருமாகப் பதினொரு பேர். பேராசிரியர் கரும்பலகையில் பெரிய கட்டம் ஒன்றை வரைந்து, அதைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை எழுதினார். "இனிமேல் உங்களுக்குப் படம் என்பது இதுதான்" என்றார். நூற்று இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு நூற்று இருபத்தெட்டு எண்கள். பூஜ்யம் கறுப்பு, அறுபத்து மூன்று வெள்ளை. உலகத்தில் உள்ள எந்த முகத்தையும் இந்தக் கட்டத்துக்குள் எழுதிவிடலாம் என்பது இருபத்து மூன்று வயதில் எனக்கு மயக்கம் தருகிற செய்தியாக இருந்தது.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர்தான் அக்கா. எனக்கு உறவில்லை. வரைபடம் தயாரிக்கும் ஓர் அரசு அலுவலகம் அவரை ஒரு பருவத்துக்கு மட்டும் அந்தப் பாடத்துக்கு அனுப்பியிருந்தது. முப்பத்து நான்கு வயது. விருதுநகர்ப் பக்கம். சரோஜினி நகரில் அரசாங்கக் குடியிருப்பு, ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று. அலுவலகத்தில் விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து எது ரோடு, எது வாய்க்கால், எது களத்துமேடு என்று குறிப்பதுதான் அவருடைய வேலை. கணக்கு அவருக்குக் கடினம். ஆனால் கண் எங்கள் யாருக்கும் இல்லாத கண். இரண்டாம் வாரம் பேராசிரியர் ஒரு விமானப் படத்தைச் சுற்றுக்கு விட்டு, குறுக்கே ஓடும் கோடு ஒரு ரோடு என்று பலகையில் எழுதினார். அக்கா பின்வரிசையிலிருந்து ஆங்கிலத்தில் மெதுவாக, "வாய்க்கால் சார். ஒரு பக்கக் கரையில் மட்டும் நிழல் விழுகிறது" என்றார். பேராசிரியர் படத்தை ஜன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துவிட்டு, பலகையில் தான் எழுதியதைத் தானே அழித்தார்.

அக்காவின் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் ஒரு பொருளை அடையாளம் கண்டதும் படத்தின் பின்புறம் பென்சிலால் ஒரு குறி போட வேண்டும். உறுதி என்றால் ஒரு கோடு, அநேகமாக என்றால் இரண்டு கோடு, சொல்ல முடியாது என்றால் சின்ன வட்டம். குறி இல்லாத படம் இன்னும் யாரும் பார்க்காத படம் என்று கணக்கு. எங்கள் வகுப்புப் பயிற்சித் தாள்களுக்கும் அவர் அப்படியே குறி போட்டார். வட்டம்தான் அதிகம். ஒருநாள் கேன்டீனில் அதைச் சொல்லிக் கேலி செய்தேன்.

"என்னக்கா, எல்லாத்துக்கும் முட்டை போட்டு வெச்சிருக்கீங்க?"

"கோடு போடறதுக்கு என்ன தம்பி, எந்த மடையனும் போடுவான். வட்டம் போடத்தான் தைரியம் வேணும். படத்துல இருக்கிறத மட்டும் சொல்லணும். இருந்தா நல்லாருக்கும்னு நினைக்கிறத சொல்லக்கூடாது" என்றார். பிறகு என் தட்டைப் பார்த்து, "இந்த கேன்டீன் சாம்பார்ல பருப்பு இருக்கா? அதுக்கும் வட்டந்தான்" என்றார்.

அவருடைய கணவரைப் பற்றி எனக்கு ஜனவரிக் கடைசியில்தான் தெரிந்தது. ஓர் அமைச்சகத்தில் உதவியாளர். 1979 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு காலிப் பால் பாட்டில்களை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பால் பூத்துக்குப் போனவர் திரும்பவில்லை. பாட்டில்கள் இரண்டும் பூத்தின் பக்கச் சுவர்மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. சண்டை இல்லை, கடன் இல்லை, கடிதம் இல்லை. மூன்று ஆண்டுகளாகப் போலீஸ் நிலையமும் ஆஸ்பத்திரிகளும் அக்காவுக்கு அத்துப்படியாகியிருந்தன. 1982 அக்டோபரில், கரோல் பாகைச் சேர்ந்த ஒரு தெரிந்த குடும்பம் ஹரித்வார் போய்ப் படித்துறையில் நின்று ஒரு படம் எடுத்தது. அவர்களுக்குப் பின்னால், கூட்டத்தில், தாடி இல்லாத ஒருவர் சட்டென்று முகத்தைத் திருப்புகிறார். திருப்பிய வேகத்தில் முகம் பக்கவாட்டில் இழுபட்டுக் கலங்கிப்போயிருக்கிறது. அந்த வீட்டு மாமி அதைக் கொண்டுவந்து கொடுத்து, "உங்க ஆத்துக்காரர் சாயல் இருக்கு பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா மூன்று மாதம் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்திருந்தார். பின்புறம் வட்டம் போட்டிருந்தார்.

பிப்ரவரி முதல் வகுப்பில் பேராசிரியர், அசைவினால் கலங்கிய படத்தை மீட்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு முகத்தை ஊகமாக வைத்துக்கொள்ள வேண்டும். காமிரா முன் அந்த மனிதர் எப்படி அசைந்தாரோ அதே அளவுக்கு ஊகத்தையும் கணக்கில் கலைக்க வேண்டும். கலைந்ததை உண்மைப் படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கொண்டு ஊகத்தைத் திருத்த வேண்டும். மீண்டும் கலைத்து, மீண்டும் ஒப்பிட்டு, மீண்டும் திருத்தம். இப்படிப் பல சுற்று போனால் கலங்கலுக்கு முன்பிருந்த முகம் வந்து சேரும். வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அக்கா உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து என் நோட்டின் மேல் வைத்தார்.

"இத செய்ய முடியுமா தம்பி? அவுகதானா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும். ரெண்டுல எதுவா இருந்தாலும் சரி."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய துறை ஹைதராபாதில் புதுப் பிரிவு தொடங்கியிருந்தது. பதவி உயர்வோடு அவரை அழைத்திருந்தது. தங்கையும் அங்கேதான் இருந்தாள். சம்மதப் படிவத்தைப் பிப்ரவரி 28க்குள் கொடுக்க வேண்டும். கணவர் உயிரோடு ஹரித்வாரில் இருக்கிறார் என்றால் தில்லியை விட்டு நகர முடியாது. சரோஜினி நகர் வீட்டு விலாசம் ஒன்றுதான் கணவருக்குத் தெரிந்த விலாசம். படத்திலிருப்பது வேறு யாரோ என்றால், குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அவர் என்னிடம் கேட்டது ஒரு வட்டத்தை அழிக்க.

நான் ஒப்புக்கொண்டேன். அதையே பருவத் தேர்வுக்கான திட்டமாகவும் எடுத்துக்கொண்டேன். ஆய்வகத்தில் இருந்த ஒரே டெலிவிஷன் காமிராவின் அடியில் படத்தை வைத்து முகத்தை மட்டும் எண்களாக்கினோம். கணினி மையத்தில் ஒரு மாணவருக்கு வாரத்துக்குப் பத்து நிமிடம்தான் இயந்திர நேரம். நிரலும் எண்களும் துளையிட்ட அட்டைக் கட்டு ஒன்றை ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் முடிவு மரத் தடுப்பில் சுருண்டு கிடக்கும். முகம் எதுவும் இல்லாத வெறும் சாம்பல் நிறத் தகடு ஒன்றை ஊகமாக வைத்துத் தொடங்கினால் பல சுற்றுகள் வேண்டும். பத்து நிமிடம் போதாது. உண்மைக்குப் பக்கத்திலிருந்து தொடங்கினால் சீக்கிரம் போய்ச் சேரலாமே என்று எனக்குத் தோன்றியது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவருடைய கணவரின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை வாங்கினேன். ஒப்பிட என்றுதான் சொன்னேன். அதை எண்களாக்கித் தொடக்க ஊகமாக உள்ளே போட்டேன். அப்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடிப்பது போன்ற ஒரு சாமர்த்தியமாகத்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 7, திங்கட்கிழமை காலை, பதினோரு மணி. கணினி மைய ஆபரேட்டர் ஒரு தில்லிக்காரர். அச்சில் வரும் முகங்களுக்கெல்லாம் ஏதாவது சொல்லித்தான் கொடுப்பார். "மதராசி சாப், ஆப்கா ஆத்மி ஆ கயா" என்று, என் ஆள் வந்துவிட்டதாக அறிவித்துக் காகிதத்தை நீட்டினார். தாழ்வாரத்துச் சுவரில் அதை ஒட்டினோம். அக்கா பத்தடி பின்னால் போனார். நான் காகிதத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். கை மெல்ல உயர்ந்து மோவாயைத் தொட்டது. "அவுகதான்" என்றார். அழவில்லை. பிறகு, "இளைச்சிட்டாக" என்றார். காகிதத்தைக் கழற்றித் திருப்பி, பழக்கத்தில் பென்சிலை எடுத்தார். பின்புறத்தில் வைக்கப் போனவர் நிறுத்தி, பென்சிலைத் திரும்பப் பைக்குள் போட்டார். "அப்புறம் போட்டுக்கறேன்."

அடுத்த வாரம் கிடைத்த பத்து நிமிடத்தையும் அதற்கடுத்த வாரத்ததையும் ஆபரேட்டரிடம் கெஞ்சி ஒன்றாக வாங்கினேன். அறிக்கையில் ஓர் ஒப்பீடு இருந்தால் நன்றாக இருக்கும் என்று சாம்பல் தகட்டிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். முகம் வரவில்லை. வெளிறிய கோடுகளும் நடுவில் ஒரு குழியும்தான் வந்தன. நிரலில் பிழை என்று நினைத்தேன். பிழையைக் கண்டுபிடிக்க வேறு ஏதாவது ஒரு முகத்திலிருந்து தொடங்கலாமென்று, கையிலிருந்த நூலக அட்டையிலிருந்து என் படத்தைக் கிழித்து எண்களாக்கிக் கொடுத்தேன். பிப்ரவரி 17 மதியம் ஆபரேட்டர் காகிதத்தைக் கைக்கு எட்டுகிற தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"ஹரித்வார் கப் கயே தே, மதராசி சாப்?"

எப்போது ஹரித்வார் போனீர்கள் என்று கேட்கிறார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். படித்துறையில், அந்தக் கூட்டத்தின் நடுவில், இறுக மூடிய வாயோடு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

என்ன நடந்தது என்பது அன்று மாலை பஸ்ஸில் வரும்போதே புரிந்துவிட்டது. அந்த மனிதர் திரும்பிய வேகம் படத்திலிருந்து சில விவரங்களை அடியோடு துடைத்துவிட்டது. துடைத்துப் போனதை எத்தனை சுற்று திருத்தினாலும் கணக்கு கொண்டுவராது. கொண்டுவர முடியாத இடங்களில், நாம் தொடங்கும்போது என்ன வைத்தோமோ அதை அப்படியே விட்டுவிடும். அக்கா பார்த்தது தன் கணவரை. ஆனால் ஹரித்வாரில் இருந்தவரை அல்ல, தானே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தவரை. இளைத்ததாகத் தெரிந்தது கலங்கலின் கோடு. படித்துறையில் நின்றது யார் என்பதற்கு அந்தப் படத்தில் விடை இல்லை. வட்டம் போட்டபோது அவர் சரியாகத்தான் போட்டிருந்தார்.

பதினோரு நாள் மிச்சம் இருந்தது. 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை சொல்லிவிடுவது என்று சரோஜினி நகர் போனேன். தோள்பைக்குள் என் முகம் அச்சான காகிதத்தைச் சுருட்டி வைத்திருந்தேன். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில், இரும்பு பீரோவுக்கு மேலே, அவருடைய கணவர் முகம் அச்சான காகிதம் நான்கு மூலையும் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அக்கா குழந்தையின் இரண்டு தோளையும் பிடித்து அடுக்களை வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் பின்னால வா. கிட்டப் போனா எழுத்துதான் தெரியும். இங்க நில்லு. இப்ப தெரியறாகளா?"

"தெரியறாங்க."

"யாரு?"

"பப்பா" என்றது குழந்தை, பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குழந்தைகள் சொல்வதுபோல. மூன்று வயதில் அப்பாவை இழந்த குழந்தை. அந்த முகத்தை அது நினைவு வைத்திருக்க வாய்ப்பில்லை. அக்கா என்னைப் பார்த்து, "உக்காரு தம்பி, தோசை ஊத்தறேன். ஹைதராபாத் வேணாம்னு எழுதிட்டேன். நாளைக்கு ஆபீஸ்ல குடுக்கணும்" என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஹரித்வாரில் எந்தத் தர்மசாலையில் விசாரிக்க வேண்டும், யாரைக் கூட்டிப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தார். நான் நான்கு தோசை சாப்பிட்டேன். அதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். சொல்லாமல் வந்ததை எழுதவில்லை.

இரக்கத்தால் சொல்லவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். திட்ட அறிக்கையில் முதல் பக்கத்திலேயே, கலங்கிய முகத்தையும் மீட்ட முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். ஏப்ரலில் நடந்த வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எதிலிருந்து தொடங்கினாய்?" அவருக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். "சாம்பல் தகடு சார்" என்றேன். அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்தார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு.

அதன் பிறகு அக்கா ஒவ்வோர் அக்டோபரிலும் ஹரித்வார் போனார். முதல் சில ஆண்டுகள் குழந்தையோடு, பிறகு தனியாக. பதவி உயர்வு இன்னொரு முறை வரவில்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அவருக்கு மேலதிகாரிகள் ஆனார்கள். கணவரின் அண்ணன் ஊரிலிருந்து வந்து, ஏழு வருஷம் ஆகிவிட்டது, காரியத்தைச் செய்துவிடலாம் என்று சொன்னபோது, அவரைப் பீரோவுக்கு எதிரே நிற்கவைத்துக் காகிதத்தைக் காட்டினாராம். ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிவந்தபோது, அதே பால் பூத் கண்ணில் படுகிற தூரத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டார். நான் வேலைக்காகப் பம்பாய் போய்த் திரும்பி வந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். எனக்குத் திருமணமானபோது மோதிரம் போட்டார். யாரிடம் அறிமுகப்படுத்தினாலும், "இந்தத் தம்பிதான் எனக்கு அவுகளக் காட்டிக் குடுத்துச்சு" என்பார். சென்ற மார்ச்சில் இறந்துபோனார். நாள் என் குறிப்பில் இருக்கிறது.

டிசம்பரில் அவருடைய பெண் என் வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளுக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. காது பக்கம் நரைத்திருக்கிறது. அம்மாவைத் தனியே விட முடியாது என்று இரண்டு வரன்களை மறுத்தவள். கையில் நீளமான அட்டைக் குழல். "அம்மாவோட அல்மாரி மேல இருந்தது அங்கிள், தெரியும்ல. எடுக்கறப்போ கொஞ்சம் ஃபட் கயா. கிழிஞ்சுட்டது" என்று காகிதத்தை விரித்தாள். பிறகு கைபேசியை நீட்டினாள். "இதப் பாருங்க. காகிதத்த ஃபோட்டோ எடுத்து ஒரு ஆப்ல போட்டேன். பில்குல், முழுசா கிளியரா வந்துடுச்சு. பெரிசா பிரின்ட் போட்டு அம்மா படத்துக்குப் பக்கத்துல மாட்டலாம்னு. நீங்கதான எடுத்தீங்க, கரெக்டா இருக்கான்னு ஒருவாட்டி சொல்லிடுங்க."

திரையில் வழவழப்பான தோலோடு ஓர் ஆள் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நாங்கள் யாருமே போட்டிருக்கவில்லை. நான் எழுந்து போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து என் காகிதத்தை எடுத்துவந்தேன். இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். அவளைப் பால்கனிக் கதவு வரை பின்னால் போகச் சொன்னேன். எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"இது நீங்க" என்றாள், என் காகிதத்தைக் காட்டி.

"ஆமாம்மா."

"ஹரித்வார்ல நீங்க எங்க வந்தீங்க?"

"நான் வரல. உங்க அப்பாவும் வந்தாரான்னு தெரியாது. ரெண்டும் ஒரே ஃபோட்டோலேருந்து எடுத்ததுதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கை அவள் கேட்கவில்லை. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். 1983லிருந்து சென்ற மார்ச் வரைக்குமான என் நாட்குறிப்புகள் அந்த அலமாரியில்தான் வரிசையாக இருக்கின்றன. நான் அவரிடம் சொன்ன நாள் என்று ஒன்று அவற்றில் எங்கும் இல்லை. இல்லை என்றேன்.

அவள் அம்மாவின் காகிதத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் திருப்பினாள். நான்கு மூலையிலும் காய்ந்த பசை. மற்றபடி பின்புறம் வெறுமையாக இருந்தது. கோடும் இல்லை, வட்டமும் இல்லை. "என் ரிப்போர்ட் கார்டுலகூட வட்டம் போட்டு வெச்சவங்க" என்றாள். மேசையிலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்க போடுங்க அங்கிள்."

சின்னதாக ஒரு வட்டம் போட்டேன். கை நிற்கவில்லை. பழக்கத்தில் கீழே தேதியையும் எழுதியது. ஆனால் அது அந்த டிசம்பர் நாளின் தேதி அல்ல. அவளுக்குத் தமிழ் படிக்க வராது, ஆனால் எண்களைப் படித்தாள். பதினேழு, இரண்டு, எண்பத்து மூன்று.

"ஹைதராபாத் ஃபார்ம் கடைசி நாள் என்னிக்கு?" என்று கேட்டாள்.

"இருபத்தெட்டு."

நான் வைத்திருந்த டீயை அவள் குடிக்கவில்லை. அம்மாவின் காகிதத்தைச் சுருட்டிக் குழலுக்குள் போட்டு எடுத்துக்கொண்டாள். என்னுடையதைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போனாள். நான் இன்னும் அதைக் கழற்றவில்லை. நாட்குறிப்பு எழுத நான் உட்காரும் நாற்காலியிலிருந்து அந்தச் சுவருக்குப் பத்தடி இருக்கும்.